பத்து சென்ட் பெட்டிக்குள் எலிங்டன்: 1940களின் மூன்று நிமிடப் பாட்டுப் படங்கள்

தஞ்சைத் தாளம் | வெள்ளி, இரவு 10.40

ஒரு சின்ன சந்தேகம். போன வாரம் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் ‘எய்ன்ட் மிஸ்பிஹேவின்’ பாடுகிற மூன்று நிமிடப் படம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. 1941இல் எடுத்தது. மனிதர் புருவத்தைத் தூக்கி, கண்ணை உருட்டி, பியானோவைக் கொஞ்சுகிற அழகில் மயங்கி ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஏதோ இடித்தது.

நான் கிடார் பழகுகிறவன், அதனால் கண் முதலில் கிடார்க்காரர் பக்கம்தான் போகும். அவர் இடக்கையராக இருக்கிறார். சரி, இருக்கட்டும் என்று விட்டேன். அப்புறம் பார்த்தால் வாலர் கோட்டின் மேல்பை வலது மார்பில் இருக்கிறது. கைக்குட்டையும் அந்தப் பக்கம்தான். கனத்த அடிச்சுரம் ஒலிக்கும்போதெல்லாம் வலது கை போய் விழுகிறது. பியானோவில் அடிச்சுரம் இடது பக்கம்தானே இருக்கும்?

யாராவது விளக்க முடியுமா? இந்தப் படங்களை எதற்காக எடுத்தார்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசை. தியேட்டரில் ஓடியவை மாதிரித் தெரியவில்லை.

பழைய ரீல் | வெள்ளி, இரவு 11.25

தம்பி, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நீங்கள் பார்த்த பிரதிதான் இடவலமாகத் திரும்பியிருக்கிறது. அது யாருடைய தவறும் இல்லை, அப்படித்தான் அச்சடித்தார்கள்.

இந்தப் படங்களுக்குப் பெயர் சவுண்டீஸ். சிகாகோவில் மில்ஸ் நாவல்டி என்று ஒரு கம்பெனி இருந்தது. காசு போட்டு விளையாடும் சூதாட்ட இயந்திரங்களும் பாட்டுப் பெட்டிகளும் செய்தவர்கள். 1940இல் அவர்கள் பனோராம் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்தையும் தாண்டிய மரப்பெட்டி. மேலே இரண்டடிக்கும் குறைவான அகலத்தில் ஒரு திரை, உள்ளே 16 மி.மீ. புரொஜெக்டர். புரொஜெக்டர் நேராகத் திரையில் அடிக்க உள்ளே இடம் போதாது. அதனால் ஒளியைக் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பவைத்து, திரையின் பின்பக்கத்தில் விழச் செய்தார்கள். கண்ணாடியில் பட்டால் படம் திரும்பிவிடும் அல்லவா? அதைச் சரிக்கட்டப் பிரதியையே திருப்பி அச்சடித்தார்கள். பெட்டிக்குள் ஓடினால் நேராகத் தெரியும். அதே பிரதியைச் சாதாரண புரொஜெக்டரில் மாட்டினால் வாலரின் கைக்குட்டை வலது பக்கம் போய்விடும். பெட்டிக்காக அச்சடித்த பிரதியிலிருந்து யாரோ அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள்.

பாட்டுப் பெட்டியில் ஒரு பாட்டுக்கு ஐந்து சென்ட். இதில் ஒரு படத்துக்குப் பத்து சென்ட். மதுக்கடை, ஹோட்டல் கூடம், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் வைத்தார்கள். 1941 ஜனவரியிலிருந்து படங்கள் வரத் தொடங்கின. யுத்த காலம் முழுக்க ஓடி 1947 வாக்கில் முடிந்துவிட்டது. மொத்தம் 1,800க்கும் மேல். அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட்டும் தொடக்கத்தில் இதில் பங்குதாரர்.

நான் பல வருடம் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் 16 மி.மீ. ஓட்டியவன். அதனால் இந்தப் பெட்டியில் என்னைக் கவர்ந்தது இன்னொரு விஷயம். ஒரு ரீலில் எட்டுப் படங்களை ஒட்டி, இரு முனையையும் சேர்த்து வளையமாக்கிவிடுவார்கள். ஓடி முடிந்ததும் திரும்பச் சுற்றவே வேண்டாம், தானாகவே முதல் படத்துக்கு வந்துவிடும். நாள் முழுக்க ரீல் சுற்றிக் கை வலித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நூலகப் பூனை | சனி, காலை 7.10

ரீல் ஐயா சொன்ன அந்த வளையத்தில்தான் கதையே இருக்கிறது.

எட்டுப் படமும் ஒரே வளையத்தில் இருப்பதால், காசு போடுகிறவர் ‘எனக்கு இந்தப் பாட்டு வேண்டும்’ என்று பொத்தான் அழுத்த முடியாது. போன ஆள் பார்த்து முடித்த இடத்துக்கு அடுத்து எது இருக்கிறதோ, அதுதான் ஓடும். வியாபாரத்தில் இது பெரிய குறை. பிடித்த பாட்டு வேண்டுமென்றால் சில சமயம் இன்னும் ஏழு தடவை பத்து சென்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் அது எந்த அமெரிக்கா என்று யோசியுங்கள். தெற்கே பேருந்திலும் உணவகத்திலும் தண்ணீர்க் குழாயிலும் கறுப்பர்களுக்குத் தனி இடம். ராணுவமும் பிரிந்தே கிடந்தது. 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணை போட்ட பிறகுதான் அது மாறத் தொடங்கியது. செஞ்சிலுவைச் சங்கத்தில் காயம்பட்டவனுக்குச் செலுத்தும் ரத்தத்தைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து வைத்தார்கள். ஹாலிவுட்டில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்னுக்கு எம்ஜிஎம் ஸ்டூடியோ ஒப்பந்தம் கொடுத்தது. ஆனால் அவர் பாடும் காட்சி கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், தெற்கத்தித் தியேட்டர்களில் வெட்டிவிட வசதியாக.

பனோராமில் காசு போடுகிறவர் அப்படித் தனக்கு வேண்டாததை ஒதுக்க முடியாது. கறுப்பினக் கலைஞர்கள் நடித்த சவுண்டீஸ் 300க்கும் மேல். ஆறில் ஒன்று! அன்றைய ஹாலிவுட்டில் கனவிலும் நடக்காத விகிதம் அது. பீர் குடிக்க வந்த வெள்ளைக்காரத் தொழிலாளி, காசு போட்டுவிட்டு என்ன வரும் என்று நிற்கிறார். அடுத்தது கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழு. மடிப்புக் கலையாத சூட்டில் பதினைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள். வேலைக்காரன் வேடம் இல்லை, எஜமானுக்குக் கதவு திறக்கிற காட்சி இல்லை. மூன்று நிமிடமும் திரை அவர்களுடையது.

கோவை மலர் | சனி, காலை 9.45

பூனையாரே, நீங்கள் எழுதியதில் தவறில்லை. ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்த 300இல் ஐம்பது, அறுபது பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் மடிப்புக் கலையாத சூட் இல்லை.

டொரத்தி டாண்ட்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் கிளீவ்லாண்டில் பிறந்தவர். சவுண்டீஸில் ஆடியபோது 19 வயது. ‘ஜங்கிள் ஜிக்’ என்று ஒரு படம், காட்டுச் செட்டு போட்டு அவரை ஆடவிட்டிருக்கிறார்கள். இன்னொன்றின் பெயரே ‘காங்கோ கிளாம்பேக்’. கிளீவ்லாண்டுப் பெண்ணுக்கும் காங்கோவுக்கும் என்ன சம்பந்தம்? கறுப்பர் என்றால் காடு என்ற அந்த ஒரே நினைப்புத்தான். எனக்கு அதைப் பார்க்கும்போது வயிறு பிசைந்தது. பருத்திக் காடு, கோழி திருடுவது, பகடை உருட்டுவது என்று பழைய கேலிகளெல்லாம் மற்றப் படங்களில் வரிசையாக வருகின்றன.

அதே டாண்ட்ரிட்ஜ்தான் 1954இல் ‘கார்மென் ஜோன்ஸ்’ படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண். அந்தத் திறமை 1941இலேயே அவரிடம் இருந்தது. கொடுத்த வேடம்தான் இது. ‘திரை அவர்களுடையது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, திரை அவர்களுடையது அல்ல. படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், பெட்டி வெள்ளையருடையது, காசு போன இடமும் அதுவே.

எட்டாம் கட்டை | சனி, மதியம் 1.20

மலர் அக்கா சொல்வது புரிகிறது. ஆனாலும் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. இவர்கள் இசைக் கலைஞர்கள். காட்டுச் செட்டு, பருத்திச் செட்டு எல்லாம் தச்சர் அடித்த பலகை. பாட்டைக் கேளுங்கள், அதில் எந்தக் கேலியும் கிடையாது.

ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் ‘ஜாம் செஷன்’ பார்த்திருக்கிறீர்களா? 1941 கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்து, 1942இல் வெளிவந்தது. அந்தச் சமயத்தில் எலிங்டன் குழு மொத்தம் ஐந்து சவுண்டீஸ் செய்தது. இதில் வாசிப்பது ‘சி ஜாம் புளூஸ்’. மெட்டில் இரண்டே சுரம்தான், நம்மூரில் பாலபாடம் படிக்கிற குழந்தைகூட ஐந்து நிமிடத்தில் வாசித்துவிடும். அந்த இரண்டு சுரத்தைச் சும்மா தூண்டில் மாதிரிப் போட்டுவிட்டு எலிங்டன் பியானோவில் காத்திருக்கிறார். ரே நான்ஸ் வயலினில் வருகிறார். ரெக்ஸ் ஸ்டூவர்ட் கார்னெட். பென் வெப்ஸ்டர் சாக்சபோனில் மூச்சுக்காற்றையும் சுரத்தோடு சேர்த்து விடுகிறார், கன்னத்தில் படுகிற மாதிரி இருக்கும். அப்புறம் ‘ட்ரிக்கி சாம்’ நான்டன் டிராம்போனில் மூடியை வைத்து வைத்து எடுத்து, அதை மனிதக் குரல் மாதிரி பேசவைக்கிறார். கிளாரினெட்டில் பார்னி பிகார்ட். கடைசியில் சன்னி கிரியர் டிரம்ஸ். ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் ஆளே யார் என்று தெரிந்துவிடுகிறது.

இன்னொரு தகவல். இசையை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்துவிட்டு, கேமரா முன்னால் அதற்கு ஏற்ப வாசிப்பதுபோல் நடிப்பார்கள். நம் சினிமாப் பாட்டைப் படமாக்குவது மாதிரியேதான். ஜாஸ் கலைஞனுக்கு இது பெரிய சோதனை. ஒரு தடவை வாசித்ததை மறுதடவை அப்படியே வாசிக்காதவன் அவன். தான் அன்று காலை நினைத்தபடி ஊதியதை மதியம் விரல் பிசகாமல் நடிக்க வேண்டும். நான்டனின் கையைப் பாருங்கள், மூடி திறப்பதும் அடைப்பதும் ஒலியோடு எவ்வளவு நெருக்கமாகப் போகிறது என்று.

கோவை மலர் | சனி, மதியம் 2.05

எட்டாம் கட்டை அவர்களே, பலகை தச்சர் அடித்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் நின்றவர் ஒரு மனுஷி. பாட்டை மட்டும் கேள் என்றால், அவரை நிற்கவைத்த கையை யார் பார்ப்பது?

டொராண்டோ குமரன் | சனி, இரவு 8.30

வணக்கம். நான் ஆட்டக்காரன், அதனால் கொஞ்சம் வேறு பக்கத்தால் வாறன். இங்கே ஐந்து வருஷமாக லிண்டி ஹாப் என்ற ஜாஸ் ஜோடி நடனம் பழகுகிறேன். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு படம் உண்டு: எலிங்டனின் ‘ஹாட் சாக்லெட்’. அதே ஐந்து சவுண்டீஸில் ஒன்று. பாட்டு ‘காட்டன் டெயில்’, ஆட்டம் ஒயிட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் என்ற குழு.

நியூயார்க்கில் கறுப்பர் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் சவாய் என்ற நடனக் கூடத்தில் (1926இல் திறந்தது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடிய இடம்) வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். குழுவுக்கு ஆட்டம் அமைத்தவர் ஃப்ராங்கி மானிங். ஜோடியைத் தலைக்கு மேலால் தூக்கி எறிந்து, தாளம் விழுகிற இடத்தில் சரியாக நிலத்தில் இறக்குகிற அடவுகளை 1930களின் நடுவில் கொண்டுவந்தவர். படத்தில் ஜோடி ஜோடியாக வந்து ஒவ்வொருவரும் சில விநாடிதான் ஆடுவார்கள். எங்கள் ஆசிரியை அதைக் கால்வாசி வேகத்தில் ஓட்டிக் காட்டினவ. ஒரு பெண் காற்றில் தலைகீழாக நிற்கிறாள். அவள் முகத்தில் பயம் இல்லை, அவள் ஜோடியின் கையைப் பார்க்கவுமில்லை. அவன் பிடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். நாங்கள் மெத்தை போட்டுப் பழகுகிறோம், அப்படியும் எனக்கு முதுகு பிடித்துவிட்டது.

பிறகு என்ன நடந்தது என்று அறிந்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது. யுத்தம் வந்து ஆட்டக்காரரைப் படைக்கு எடுத்துக்கொண்டது. மானிங் பசிபிக் போர்முனைக்குப் போனார். திரும்பி வந்து சிறிது காலம் சொந்தக் குழு வைத்து ஆடினார். ரசனை மாறிவிட்டது. 1950களின் நடுவில் அஞ்சல் துறையில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் அங்கேயே இருந்தார். 1980களில் பழைய படங்களைப் பார்த்து ஆட்டம் பழகிய இளம் ஆக்கள் அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். பிறகு உலகம் முழுக்கச் சுற்றிச் சொல்லிக் கொடுத்தார். 2009இல், 95 வயதை நெருங்கும்போது காலமானார்.

மலர் அக்கா, ஆர் காசு பார்த்தது என்று நீங்கள் கேட்டது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடம் இல்லாவிட்டால் என் ஆசிரியை இல்லை, நான் இல்லை.

நூலகப் பூனை | ஞாயிறு, காலை 6.50

மலர், ‘திரை அவர்களுடையது’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் சொன்னதே சரி. அவர்களுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம், திரை அல்ல.

ஆனால் அந்த மூன்று நிமிடத்தை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு லூயிஸ் ஜோர்டனை விட்டால் உதாரணம் இல்லை. ஆர்கன்சாவில் பிரிங்க்ளி என்ற ஊரில் பிறந்தவர். சாக்சபோன், பாட்டு, சிரிப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஆள். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வருடத்துக்கும் மேல் சங்கத்து வாத்தியக்காரர்கள் கம்பெனிகளுக்குப் புதிதாக ரெக்கார்டு போடவில்லை. 1943 இறுதியில் ஜோர்டன் மறுபடி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனபோது அவர் பாடியது எது தெரியுமா? ‘ரேஷன் புளூஸ்’.

சர்க்கரை 1942 மே முதல் ரேஷன். அப்புறம் காப்பி, இறைச்சி. அதையெல்லாம் காதலியின் கஞ்சத்தனமாக மாற்றி, இரண்டு பொருள் வரும்படி பாடுகிறார். சவுண்டீஸாகவும் வந்தது. மக்கள் அட்டையோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து அதே அட்டையைப் பற்றிய பாட்டைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். ராணுவ வாழ்க்கை பற்றிய ‘ஜி.ஐ. ஜைவ்’ இன்னொன்று. வெள்ளையர் பட்டியல், கறுப்பர் பட்டியல் என்று விற்பனைக் கணக்கே பிரிந்திருந்த காலத்தில், ஜோர்டன் இரண்டிலும் ஏறினார். 1945இல் ‘கால்டோனியா’ என்ற பாட்டை வைத்துக் கிட்டத்தட்ட 18 நிமிடக் குறும்படம் எடுத்துத் தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். அதன் துண்டுகள் சவுண்டீஸாகவும் ஓடின. பாட்டு படத்தை விற்றது, படம் பாட்டை விற்றது. தன் முகத்தையே தன் விளம்பரமாக்கிய மனிதர்.

மலர் டாண்ட்ரிட்ஜைச் சொன்னதால் ஒன்று. அவரும் பால் வைட்டும் ஆடும் ‘ஸூட் சூட்’ படத்தையும் பாருங்கள், 1942. அகலத் தோள், முழங்கால் வரை கோட்டு, தொளதொளவென்று வந்து கணுக்காலில் இறுகும் கால்சட்டை. அதே 1942இல்தான் யுத்த உற்பத்தி வாரியம் ஆண்கள் சூட்டுக்குத் துணி அளவைக் குறைத்து உத்தரவு போட்டது. அப்புறம் அந்த உடையே தேசத்துரோகம் என்றார்கள். 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் கடற்படைச் சிப்பாய்கள் கூட்டமாகத் திரண்டு, இந்த உடை போட்ட மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களையும் கறுப்பர்களையும் தெருவில் இழுத்து அடித்துத் துணியை உரித்தார்கள். படத்தில் அந்த உடை வெறும் ஞாயிற்றுக்கிழமை அலங்காரம்தான். டாண்ட்ரிட்ஜ் அதில் காட்டுப் பெண் அல்ல, நன்றாக உடுத்த ஆசைப்படும் நகரத்துப் பெண். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோவை மலர் | ஞாயிறு, காலை 10.15

பார்த்தேன். இரண்டு தடவை. ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பெண் வேறு ஆள். காட்டுச் செட்டில் அவர் கண் கேமராவைத் தாண்டி எங்கோ பார்க்கிறது. இதில் நேராக நம்மைப் பார்க்கிறார். இரண்டுமே அவர்தான் என்பதால், முதல் படத்தைப் பார்ப்பது இப்போது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

பழைய ரீல் | ஞாயிறு, மாலை 5.30

சவுண்டீஸ் அல்லாத ஒரு படத்தையும் இங்கே சேர்க்க அனுமதி வேண்டும். ‘ஜாமின் த புளூஸ்’, 1944, வார்னர் பிரதர்ஸ். பத்து நிமிடம். என் ஃபிலிம் சொசைட்டி நாட்களில் இதை ஒரே ஒரு முறை ஓட்டினேன். அன்று வந்திருந்தவர்கள் முடிந்ததும் எழுந்திருக்கவில்லை, மறுபடி போடச் சொன்னார்கள். போட்டேன்.

இயக்கியவர் ஜான் மிலி, அல்பேனியாவில் பிறந்த புகைப்படக்காரர். கலைஞர்களைச் சேர்த்தவர் ஜாஸ் கச்சேரி அமைப்பாளர் நார்மன் கிரான்ஸ். தொடக்கத்தில் இரண்டு வட்டங்கள் மட்டும் தெரியும், மெதுவாகப் புகை எழும். என்ன இது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிமிர்கிறது. லெஸ்டர் யங்கின் தொப்பி! தட்டையான அந்தத் தொப்பிக்குக் கீழே சாக்சபோனைச் சாய்த்துப் பிடித்து, சிகரெட் விரலிடுக்கில் இருக்க, ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் வாசிக்கிறார். கூடவே ஹாரி எடிசன், இலினாய் ஜாக்கே, ஜோ ஜோன்ஸ், சிட் கேட்லெட். மேரி பிரையன்ட் பாடுகிறார். செட்டு கிடையாது, கதை கிடையாது, கோமாளி கிடையாது. கறுப்பும் வெளிச்சமும் மட்டும். ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது.

ஆனால் ஒரு விஷயம். குழுவில் ஒரே ஒரு வெள்ளையர், கிடார்க்காரர் பார்னி கெஸல். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசிப்பதைத் திரையில் காட்டினால் தெற்கத்தித் தியேட்டர்கள் எடுக்காது என்று ஸ்டூடியோவுக்குப் பயம். கிரான்ஸ் ஆளை மாற்ற மறுத்தார். கடைசியில் கெஸலை நிழலிலேயே உட்காரவைத்து, கை தெரியும் இடத்தில் கையில் பழச்சாறு பூசிக் கறுப்பாக்கினார்கள். தஞ்சைத் தம்பி, நீங்கள் கிடார் பழகுகிறவர் ஆயிற்றே, அந்தக் கையைக் கவனியுங்கள்.

யங்கின் கதை இன்னும் கொடுமை. படம் எடுத்த கொஞ்ச நாளிலேயே ராணுவம் அவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துக்கொண்டது. 1945இல் அலபாமா முகாமில் கஞ்சா வைத்திருந்ததாக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, தடுப்புக் காவலில் அடைத்து, அவமானப்படுத்தி வெளியே அனுப்பினார்கள். வெள்ளையர் இசைக்குழுத் தலைவர்கள் பலருக்குப் படையில் சீருடையோடு வாசிக்க இடம் கிடைத்தது. அவருக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள், சாக்சபோனைக் கொடுக்கவில்லை.

கோவை மலர் | ஞாயிறு, இரவு 9.00

ஐயா, கெஸல் கையில் பூசிய சாற்றைப் படித்ததும் எனக்கு உடனே இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் ஞாபகம் வந்தது. இதைச் சொல்லத்தான் இரண்டு நாளாக இந்த இழைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன் போல.

மிசிசிப்பியில் பைனி வுட்ஸ் என்ற பள்ளி. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு நிதி திரட்ட 1937இல் மாணவிகளை வைத்து ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். முழுக்க முழுக்கப் பெண்கள், டிரம்பெட், டிராம்போன், டிரம்ஸ் உட்பட. 1941இல் பள்ளியை விட்டுப் பிரிந்து தனிக்குழுவானார்கள். கறுப்பினப் பெண்களோடு சீன, மெக்சிகோ வம்சாவளிப் பெண்களும் இருந்தார்கள், அதனால்தான் பெயரில் ‘இன்டர்நேஷனல்’. பிறகு ராஸ் கிரான் மாதிரி வெள்ளைக்காரப் பெண்களும் சேர்ந்தார்கள்.

தெற்கே இது சட்டவிரோதம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பேருந்தில் தூங்கக் கூடாது, ஒரே மேடையில் நிற்கக் கூடாது. ஹோட்டல்கள் இடம் தராது, அதனால் பேருந்திலேயே படுக்கை. போலீஸ் வந்து பார்த்தால் சிக்கல் என்று வெள்ளைக்காரப் பெண்கள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். மற்ற இடங்களில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கேலி செய்த நாடு அது. அங்கேயே இவர்கள் கூட இருக்கிற தோழிகளை விட்டுப் பிரியாமல் இருக்க அதைப் பூசினார்கள்.

1945இல் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைகளுக்காக வாசிக்கப் போனார்கள், கறுப்பினச் சிப்பாய்கள் கடிதம் எழுதிக் கேட்டதால். திரும்பி வந்ததும் 1946இல் படமானார்கள். ‘ஜம்ப் சில்ட்ரன்’, ‘தட் மேன் ஆஃப் மைன்’. தயாரித்தவர் வில்லியம் அலெக்ஸாண்டர், அவர் கறுப்பினத் தயாரிப்பாளர். கட்டை, தச்சர் பலகை என்று சொன்னீர்களே, யார் கையில் கேமரா இருக்கிறது என்பது எவ்வளவு மாற்றுகிறது என்று இதைப் பார்த்துச் சொல்லுங்கள். முன்னால் ஆனா மே வின்பர்ன் நின்று குழுவை நடத்துகிறார். வை பர்ன்சைடு எழுந்து டெனர் சாக்சபோன் வாசிக்கிறார், காலை லேசாக அகட்டி, தோளை அசைக்காமல். அவர் வாசிக்கும்போது பின்னால் பாலின் பிராடி டிரம்ஸ் அடித்தபடி அவரையே பார்த்துச் சிரிக்கிற ஒரு கணம் உண்டு. அந்தச் சிரிப்பை யாரும் நடிக்கச் சொல்லியிருக்க முடியாது.

எட்டாம் கட்டை | ஞாயிறு, இரவு 11.10

பார்த்துவிட்டேன் அக்கா. பலகை என்று எழுதியது அவசரத்தில் எழுதியது. பர்ன்சைடு வாசிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டேன், திறந்துகொண்டு ஒருமுறை கேட்டேன். திறந்துகொண்டு கேட்டபோது வேறாக இருந்தது.

இதே பேச்சில் ஒன்று: ஜீன் குரூபா குழுவின் ‘லெட் மி ஆஃப் அப்டவுன்’, 1942 சவுண்டீஸ். வெள்ளையர் குழு, அதில் டிரம்பெட்டுக்கு ராய் எல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பர். அனிதா ஓ’டேயும் அவரும் பாட்டுக்கு நடுவில் நண்பர்கள் மாதிரி சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்ணும் கறுப்பினத்து ஆணும் பக்கத்தில் நின்று, அதுவும் 1942இல். அங்கே யாரையும் நிழலில் உட்காரவைக்கவில்லை. மேடைக்கு வெளியே எல்ட்ரிட்ஜ் பட்டது வேறு. ஒரு உணவகத்தில் அவருக்குச் சாப்பாடு தர மறுத்ததற்குக் குரூபா கைகலப்பில் இறங்கி, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

தஞ்சைத் தாளம் | திங்கள், காலை 6.20

ஒரு கைக்குட்டையில் தொடங்கிய கேள்வி எங்கெல்லாமோ கூட்டிப் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு தூங்கவில்லை.

முதலில் வாலர் படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பினேன். இரண்டு நிமிட வேலை. கைக்குட்டை இடது மார்புக்கு வந்துவிட்டது. கிடார்க்காரரின் வலது கை தந்திமேல், இடது கை கழுத்தில். அவர் பிடிக்கும் கோர்டுகளை இப்போது என்னால் படிக்க முடிகிறது. முதல் நான்கு தாள அளவுகளையும் எழுதி வைத்துவிட்டேன்.

அப்புறம் ரீல் ஐயா சொன்ன ‘ஜாமின் த புளூஸ்’. கெஸல் வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முகம் இருட்டில். கை மட்டும் வெளிச்சத்தில் வந்து போகிறது. இடது கைச் சுண்டுவிரல் தந்திமேல் நீண்டு போய்த் தொடுகிறது, நான் மூன்று மாதமாக எட்டாமல் திணறுகிற அதே தூரம். பூசிய நிறம் எனக்குத் தெரியவில்லை, அந்த விரல்தான் தெரிந்தது.

குமரன் அண்ணா, அந்தக் கால்வாசி வேக ‘ஹாட் சாக்லெட்’ உங்கள் ஆசிரியையிடம் இருந்தால் இங்கே போட முடியுமா? திரும்பாத பிரதியா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோ குமரன் | திங்கள், காலை 8.05

தம்பி, நேற்று வகுப்பில் பார்த்தோம். பென் வெப்ஸ்டரின் கோட்டுப் பை இடது பக்கம்தான் இருக்கு. அவவிடம் கேட்டு வியாழனுக்குள் போடுறன்.